அம்மணியின் தூளியும் நிஷாவின் காதும்

பம்மலில் செருப்புக்கு மேல்தோல் தைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் அம்மணி மாதிரி கைகால் நான்கையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கத் தெரிந்தவள் அந்தத் தெருவில் கிடையாது. வலது கால் மோட்டார் மெஷினின் பெடலை அழுத்தும். இடது கால் கட்டைவிரலில் மாட்டிய கயிறு பக்கத்தில் தொங்கும் தூளியை ஆட்டும். இரண்டு கையும் தோலைத் திருப்பிக்கொண்டிருக்கும். தூளிக்குள் மகள் நிஷா மல்லாந்து படுத்தபடி பால் குடிப்பாள். பாட்டில் சரியாமலிருக்க அம்மணி ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்திருப்பாள். இந்த ஏற்பாட்டில் அம்மணிக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்காதா பின்னே?

நிஷாவுக்கு இரண்டு வயது முடிவதற்குள் நான்கு முறை காதில் சீழ் வடிந்தது. காய்ச்சல், அழுகை, மருந்து, பத்து நாள் நிம்மதி, திரும்பவும் அதே பேஜார். குடித்த பால் வேறு புளித்துப்போய் வாய்க்கு வரும். எதிர் வீட்டு ஞானம்மாள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொன்னாள். அதையும் ஒரு தடவை விட்டுப் பார்த்தாகிவிட்டது.

அதற்குள் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. குழந்தைக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. பின்னால் தட்டு விழுந்தாலும் திரும்புவதில்லை.

"புள்ளைக்குக் காது கேக்காதுன்னு தெருவே பேசிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் ரத்தினம் சாப்பிடாமலே கிளம்பிப் போனான். அன்றைக்கே அம்மணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டைக்கு பஸ் ஏறினாள். தன் குரலை இந்தப் பெண் கேட்கவே போவதில்லையா என்ற எண்ணம் வழியெல்லாம் அவளை அறுத்தது.

காது டாக்டர் சத்யபிரியா ஒவ்வொரு டெஸ்டாக எடுத்துப் பார்த்தார். "காது நரம்பு நல்லாத்தான் இருக்கும்மா. செவிப்பறைக்குப் பின்னாடி கோந்து மாதிரி தண்ணி தேங்கி நிக்குது. அதனால சத்தம் சரியா உள்ள போகல. பால் எப்படிக் குடுக்கறீங்க?"

அம்மணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் கட்டைவிரலை ஆட்டி, தூளி வித்தை முழுவதையும் பெருமையாகச் செய்து காட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார்.

"மூக்குக்குப் பின்னாலேருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. நமக்கு அது சரிவா இருக்கும். குழந்தைங்களுக்குக் குட்டையா, கிட்டத்தட்ட மட்டமா இருக்கும். மல்லாந்து குடிச்சா பால் அதுல ஏறலாம். சில பிள்ளைங்களுக்கு வயித்துலேருந்து எதுக்களிச்சு வர்ற புளிப்பும் அங்க போய் எரிச்சல் பண்ணலாம்."

"வயித்துலேர்ந்து காதுக்கு வழி கீதா மேடம்?"

"இருக்கு. இனிமே பாட்டில் வேண்டாம். உக்காரவெச்சு டம்ளர்ல குடுங்க. குடிச்சதும் அரை மணி நேரம் படுக்கப் போடாதீங்க. காதுல எண்ணெய் விடவே கூடாது. மூணு மாசத்துல தண்ணி வத்தலைன்னா சின்ன ஆபரேஷன்."

திரும்பும் பஸ்ஸில் அம்மணி குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல்கூட நுழையாத இடம். அதற்குள்ளே ஒரு பறை, ஒரு குழாய், தொண்டைக்கு ஒரு குறுக்கு வழி! பத்து மாதம் சுமந்தவளுக்கே தெரியாமல் யார் உட்கார்ந்து இதையெல்லாம் கட்டியது? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வழியைத் தன் கையாலேயே கெடுத்தோமே என்று மறுநிமிடம் கண்ணீரும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தூளியை அவிழ்த்தாள். வாரக் கடைசியில், தைத்ததை எண்ணி வாங்கிப்போக வந்த கம்பெனி மேஸ்திரி ஜெயவேலு கதவருகே நின்று கத்தினார். "இன்னாம்மா, பாதி பீஸுதான் கீது?"

"புள்ள பால் குடிக்கசொல்ல நான் மெஷின்ல ஒக்கார மாட்டேண்ணா. வேற ஆளப் பாத்துக்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தெரு மெஷின்கள் அத்தனையும் ஓய்ந்தன. மடியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்த நிஷா சட்டென்று டம்ளரைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அம்மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் கேட்டது. டியூப் லைட் மறைவில் ஒரு பல்லி.

"ம்மா... இன்னா?" என்றாள் நிஷா.

"பல்லிடி கண்ணு... பல்லி சொல்லுது" என்று ஆரம்பித்த அம்மணி, முடிக்க முடியாமல் ஓவென்று அழுதுவிட்டாள். நிஷா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, பால் ஒட்டிய உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.