செல்லக்கண்ணுவின் பூச்சி

வயிற்றில் கொக்கிப்புழு என்று டாக்டரம்மா சொன்னதும் செல்லக்கண்ணுவுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று கேட்காதீர்கள். மாதக்கணக்கில் உடம்பு இளைத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க, பழைய நோய்தான் கைமீறிவிட்டது என்று அவர் அரண்டு போயிருந்தார். பழைய நோய் எச்.ஐ.வி. பல வருஷமாக மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

"வெறுங்காலோட மண்ணுல நடப்பீங்களா?"

நடப்பார். ஃபேரர் பார்க்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு தோட்டம். அங்கே நிற்கும் வேப்பமரம் அவருக்கு அம்மன். அம்மனிடம் யாராவது செருப்போடு போவார்களா? கழற்றி வைத்துவிட்டுத்தான் தினமும் தண்ணீர் ஊற்றினார்.

"மாத்திரையில போயிடும். தட்டு, கிளாஸ்ல எல்லாம் ஒட்டாது. இனிமே செருப்பு போட்டுக்குங்க."

வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வியாதி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது! வேலை பார்க்கும் காய்கறிக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தங்கை ரத்தினம்மாவிடம் முதலில் பூச்சியைச் சொல்வோம். அதற்கு முகம் சுளிக்காவிட்டால் மற்றதையும் சொல்லிவிடுவோம். தனியாகவே சுமந்து அவருக்கு அலுத்துவிட்டது.

போனில் ரத்தினம்மா சிரித்தாள். "பூச்சியா? நான் பயந்தே போயிட்டேன் லா! ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே, கோழி ஆக்குறேன்."

"வரேன். உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

தங்கை வீடு இருக்கும் பாசிர் ரிஸ் வரைக்கும் ரயிலில் அந்த விஷயத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மேசையில் எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு. அவருக்கு மட்டும் காகிதத் தட்டு, காகிதக் கப்பில் தண்ணீர்.

"தட்டுல ஒட்டாதும்மா. டாக்டரே சொன்னாங்க."

"தெரியும்ண்ணே. பேரப்பிள்ளைங்க இருக்குல்ல, அதான். தப்பா எடுத்துக்காதீங்க."

நல்ல துண்டாகப் பார்த்து அவருக்குத்தான் வைத்தாள். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை மடித்து அவரே குப்பையில் போட்டார்.

"என்னமோ பேசணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா. கோழி நல்லா இருந்துச்சு."

மிச்சக் குழம்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, சிந்தாமல் பையில் கட்டி, லிஃப்ட் வரைக்கும் வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"டப்பாவைத் திருப்பித் தர வேணாம்ண்ணே," என்றாள். "தூக்கிப் போட்டுடுங்க."