ரதிக்காக அழுதவர்கள்

முன்வரிசையில் நான், என் மாமியார், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி அக்கா. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் என் புருஷனுக்கு.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் அவர் விழுந்தார். வெள்ளைத் துணியால் மூடினார்கள். பூசாரி தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை யாரும் மன்மதனைத் தொடக்கூடாது. சேலை கட்டிய ஆண் ரதியாகப் புலம்ப, கூட்டமே அழுதது. நானும் அழுதேன்.

துணிக்கடியில் அவர் கால் வெட்டி இழுத்தது. எழுந்தேன்.

“ஏன்டி, நெசமாவே நீதான் ரதின்னு நெனைப்பா? ஒக்காரு,” என்று ராக்காயி அக்கா என் கையைப் பிடித்தாள்.

“காலு இழுக்குதுக்கா!”

“சாமி எறங்கியிருக்கு. தொட்டா குத்தம்டி,” என்றார் மாமியார்.

உதறிக்கொண்டு ஓடித் துணியை இழுத்தேன். கூத்தைக் கெடுத்தேன் என்று கூட்டம் கத்தியது. ரதி வேஷக்காரர் குனிந்து என் புருஷனின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்; துடிப்பு இல்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

ரதிக்காக அழுதவர்கள் என்னைக் கண்டு விலகி நின்றார்கள்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது.