மதுவுக்கு நான் வாங்கிக் கொடுத்த சலுகை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என்னைப் பார்த்து, பாப்பா ஜன்னலோரம் உட்காருமா என்று கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. என் பக்கத்திலேயே நிற்கிறாள், காது நன்றாகக் கேட்கும், வாயும் இருக்கிறது. உட்காருவாள் என்று நான்தான் பதில் சொன்னேன். நாங்கள் இப்போது இருக்கும் அமெரிக்காவில், ஒஹாயோவில், இப்படி நடக்காது. கடையில் பில் போடும் பெண் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "ஹௌ ஆர் யூ டுடே, மிஸ்?" என்பாள். போன புதிதில் அதைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாலு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. இங்கே என் பெண்ணிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே கேட்கிறார்கள், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. எது பரவாயில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இரண்டின் மேலும் கோபம்தான் வருகிறது.

என் மகள் மதுமிதாவுக்கு டவுன் சிண்ட்ரோம். எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள். ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்க மாட்டாள். எட்டு வயது வரை திருவெறும்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் படித்தாள். படித்தாள் என்பது பேச்சுக்குத்தான். கடைசி பெஞ்சு, ஒரு படம் வரையும் நோட்டு, கையில் கிரேயான். பரீட்சை அன்று டீச்சரே அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளை எழுதி முடித்துவிடுவார். ரேங்க் கார்டில் எல்லாப் பாடத்திலும் 'ஏ' இருக்கும். குழந்தையை ஏன் கஷ்டப்படுத்தணும் என்பார். எனக்கு அப்போது அவர் தெய்வமாகத் தெரிந்தார். மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என் பெண்ணுக்கு மூன்று வருஷம் ஒன்றுமே சொல்லிக்கொடுக்காத ஒருவருக்கு முறுக்கு!

அந்தப் புத்தியோடுதான் விமானம் ஏறினேன். ஒஹாயோவில் மது நாலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, ஆறேழு பேர், எல்லார் முகத்திலும் சிரிப்பு. லிண்டா என்கிற சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். வகுப்புக்குரிய பாடமும் பரீட்சையும் மதுவுக்குச் சுமையாக இருக்கிறது, அவளுக்கென்று வேறு பாடத்திட்டம், வேறு அளவுகோல் வைக்கலாம், சம்மதமா என்றார். இது வேறு பாதை என்றும் சொன்னார். சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் மண்டையில் ஓடியது திருச்சி. என்னோடு பத்தாவது படித்த செல்விக்குக் காது கேட்காது. அவள் அப்பா அலையாய் அலைந்து ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு வாங்கினார். எங்களுக்கெல்லாம் கிடைத்த அதே சர்டிபிகேட் அவளுக்கும் கிடைத்தது. இன்றைக்குப் பொன்மலையில் ரயில்வே வேலையில் இருக்கிறாள். நம் ஊரில் சலுகை என்றால் சுமை குறையும், சர்டிபிகேட் குறையாது. செல்வியின் அப்பா ஒரு வருஷம் அலைந்து வாங்கியதை இவர்கள் ஏசி அறையில் கூப்பிட்டுக் கொடுக்கிறார்களே என்று பூரித்துப்போனேன். ஒரு வரி கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா, லிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தேங்க்யூ சொன்னேன்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பு முடியும்போது வந்த மீட்டிங்கில் சாதாரணமாகத்தான் கேட்டேன், அடுத்த வருஷம் மதுவுக்கு எந்தக் கணக்குப் புத்தகம் என்று. புத்தகம் இல்லை என்றார்கள். துண்டு மடிப்பது, ஸ்பூன்களையும் முள்கரண்டிகளையும் பிரித்து வைப்பது, இதுதானாம் அவளுக்கான திட்டம். இந்தப் பாதையில் போகிற பிள்ளைக்குப் பள்ளி முடிவில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் டிப்ளமா, அதாவது பள்ளி இறுதிச் சர்டிபிகேட், கிடைக்காதாம். அந்த நாட்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் வகுப்புக்குரிய பாடத்தையே நடத்தச் சொல்கிறது. பாடத்தை எடுத்துவிடாதே, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்று என்பதுதான் அதன் பேச்சு. வெகு சில பிள்ளைகளுக்கு மட்டும் வைத்த விதிவிலக்கில் என் பெண்ணை நானே கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறேன். இதற்குத்தானா கையெழுத்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். லிண்டாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பட் யூ வேர் ஸோ ஹேப்பி!" என்றார்.

அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் லீவுக்கு ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் மகள் காவ்யாவுக்கும் மது வயதுதான். ஜூன் மாதம், ஏழாம் வகுப்புப் புதுப் புத்தகங்கள் வந்திருந்தன. பிரவுன் ஷீட் அட்டை போட்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் மது போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் மாலை காவ்யா நேர் விகிதக் கணக்குப் போட, இவளும் எட்டி எட்டிப் பார்த்தாள். காவ்யா அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்துவந்தாள். ஒரு காபிக்கு ஒரு கரண்டி டிகாஷன், மூன்று கரண்டி பால், அப்படியானால் ஐந்து காபிக்கு எத்தனை கரண்டி பால் என்று மதுவைக் கேட்டாள். மது விரலை மடக்கினாள், பிரித்தாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள். வழக்கம்போல என் வாய் திறந்தது. அண்ணி என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா. அவளே சொல்லட்டும்."

நாலு நிமிஷம் இருக்கும். அடுப்பில் பால் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

"பதினஞ்சு" என்றாள் மது. பிறகு அந்தப் புத்தகத்தைத் தடவிப் பார்த்து, "எனக்கு இந்த புக்கெல்லாம் குடுக்கலம்மா. நான் டவல்தான் மடிக்கிறேன்" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

அவளால் முடியாது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. நாலு நிமிஷம் காத்திருக்க எங்களில் ஒருவருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு ஊர் பரிதாபப்பட்டது, இன்னொரு ஊர் சிரித்துக்கொண்டே தாளை நீட்டியது. இரண்டு இடத்திலும் நன்றி சொன்ன மகராசி நான்தான். அன்றைக்கே பள்ளிக்கு மெயில் எழுதினேன். என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், ஆகஸ்டில் மீட்டிங் வையுங்கள், மதுவும் மேஜையில் உட்காருவாள், அவள் பதில் சொல்லும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்று. பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு இனிமையான பதில் வந்திருக்கிறது. அந்த இனிமையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

மறுநாள் தெப்பக்குளத்துப் பக்கம் புத்தகக் கடைக்குப் போய் அதே ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கினேன். காவ்யா அட்டை போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்தாள். மது குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பெயர் என்ற இடத்தில் எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஓடின. வகுப்பு என்ற இடத்தில் காவ்யாவின் லேபிளை ஒருமுறை பார்த்துவிட்டு, அழுத்தி '7' என்று போட்டாள். அடுத்த கோட்டில் பென்சில் நின்றது.

"எந்த ஸ்கூல்மா எழுதணும்?"

திருவெறும்பூர்ப் பள்ளியில் அவள் பெயரை அடித்து நாலு வருஷம் ஆகிறது. ஒஹாயோப் பள்ளியில் இந்தப் புத்தகம் அவளுக்கு இல்லை என்கிறார்கள். இத்தனை வருஷம் எல்லாக் கேள்விக்கும் அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னவள் நான். பென்சிலைக் கோட்டின் மேல் வைத்தபடியே மது என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.