ஒற்றைப்படையில் கேமரா, இரட்டைப்படையில் மணி

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, தி.நகரில் என் பாசிமணிக் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ‘கண்டக்டர்’ என்று பெயர் வந்தது. ஒரு கையால் ஷட்டரைப் பிடித்தபடியே எடுத்து, “சொல்லுங்க கண்டக்டர், நீங்க கேட்ட வெள்ளை மணி வந்தாச்சு” என்றேன். பேசியது அவர் மனைவி அலமேலு.

“பாய், அவரு பூட்டாரு” என்றார்.

டீ குடித்துவிட்டு நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு மந்தைவெளிக்குக் கிளம்பினேன். பிளாட்பாரத்தில் துணி விரித்துப் பொட்டும் ஹேர்பின்னும் விற்று மேலே வந்தவன் நான். வியாபார நேரத்தில் கடையை மூடுவது என் பழக்கமில்லை. அன்றைக்குக் கை தானாகவே மூடிவிட்டது.

அவர் வீட்டுக் கூடத்தில் மேஜைமேல் கேமரா இருந்தது. பக்கத்தில் பேட்டரி சார்ஜில் கிடந்தது. அன்று ஒற்றைப்படைத் தேதி. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கண் கலங்கியது. தேதிக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரோடு பஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கேமரா தூக்கியவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்களில் பலர் கண்டக்டர் தணிகாசலத்தை இருபது, முப்பது வருஷம் அறிந்தவர்கள். எனக்கு மூன்று வருஷப் பழக்கம்தான். ஆனால் அந்த மூன்று வருஷம் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மட்டும் முழுசாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவர் முதலில் என் கடைக்கு வந்தது அலமேலுவின் அறுந்துபோன பாசிமணிச் சரத்தைக் கோர்த்து வாங்க. நான் சின்னத் தறிச் சட்டத்தில் ஒரு அம்மாவுக்கு மணிப் பட்டை பின்னிக் காட்டிக்கொண்டிருந்தேன். நூலை நீளவாக்கில் கட்டி, குறுக்கே ஊசியில் மணிகளைக் கோர்த்து வரிசை வரிசையாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த அம்மா கிளம்பிவிட்டார், இவர் கிளம்பவில்லை. “ஒரு தபா நான் போட்டுப் பாக்கட்டா பாய்?” என்றார். கடுகளவு மணி. முதல் தடவை தொடுகிறவர்கள் பாதியைத் தரையில்தான் கொட்டுவார்கள். இவர் ஒரு மணிகூடச் சிந்தவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்த விரல். சட்டமும் ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாசத்தில் பரணில் ஏற்றிவிடுவார் என்று நான் நினைத்தேன். வாடிக்கையாளரை எடைபோடுவதில் என் கணக்குத் தப்புவது அபூர்வம். இவரிடம் தப்பிவிட்டது.

கேமரா அவருக்கு ரொம்ப நாள் சங்கதி. ஊர் ஊராகப் போய் எடுக்கிற ஆளில்லை. தான் குடியிருந்த பழைய மூன்று மாடிக் குடியிருப்பு, அதன் இருபத்து நாலு வீடு, தண்ணீர்க் குடங்கள், மாடிப்படி, கல்யாணம், சாவு, இதையேதான் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார். எல்லா வீட்டுக்கும் ஒரே நீலக் கதவு. மூன்று வருஷம் முன்பே, கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம், இந்தச் சித்திரைக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒவ்வொரு வீட்டாரையும் அவரவர் கதவு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மணிப் பைத்தியமும் பிடித்தது. அவருக்குச் சர்க்கரை. கண் டாக்டர், உற்றுப் பார்க்கிற வேலை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். படத்துக்கு நல்ல வெளிச்சம் காலை எட்டிலிருந்து பத்து. மணியின் நிறம் சரியாகத் தெரிவதும் அதே எட்டிலிருந்து பத்து. இருக்கிறதோ ஒரே வெய்யில், ஒரே ஜோடிக் கண். இரண்டு பேர் ஒரே சீட்டுக்குச் சண்டை போட்டால் கண்டக்டர் என்ன செய்வாரோ அதையே செய்தார். ஒற்றைப்படைத் தேதி கேமராவுக்கு, இரட்டைப்படைத் தேதி மணிக்கு. மணி நாளில் கேமராவைத் தொடமாட்டார், கேமரா நாளில் ஊசியைத் தொடமாட்டார். முப்பத்தொன்றும் அடுத்த நாள் ஒன்றும் ஒற்றைப்படையாக வருகிறதே என்று மடக்கினேன். “அது கேமராவுக்கு ஓவர்டைம் பாய்” என்றார்.

ஒன்றை விட்டுத் தொலையுங்கள் என்று நானே சொன்னேன். மணி விற்கிறவன் மணியை விடச் சொன்னது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. “கேமரா எடுத்தா அடுத்தவன் வூட்டயே பாத்துக்கினு இருக்கணும். மணி கோத்தா என் கையப் பாக்கறேன். ரெண்டும் வேணும்” என்றார்.

இனி நான் செய்த தப்பு. கேமராவுக்குக் கழுத்துப் பட்டை ஒன்று, கதவு நீலத்தில் பின்ன ஆரம்பித்தார். பாதியில் மணி தீர்ந்தது. என்னிடமும் அந்த லாட் தீர்ந்துவிட்டது. அடுத்த லாட்டில் நிறம் ஒரு பிடி கூடக் குறைய வரும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தேதான், அதே நீலம்தான் என்று சொல்லி அடுத்த லாட்டைக் கொடுத்தேன். வந்தவரை வெறும் கையோடு அனுப்ப எனக்கு மனசு வராது. அது என் நோய்.

பத்து நாள் கழித்துப் பட்டையோடு வந்தார். கடைக்குள் ஏறவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, தெரு வெய்யிலில் பட்டையை நீட்டிக் காட்டினார். கோடு கிழித்த மாதிரி பாதியில் நீலம் மாறியிருந்தது.

“நீ சொன்னது டியூப் லைட்டுக்குக் கரெக்ட்டு. வெய்யிலுக்கு இன்னா பதில் சொல்ற?”

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் போடவில்லை. பிரித்துவிடுங்கள், முழுப் பட்டைக்கும் ஒரே லாட்டாக வேறு தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வாசல் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். “நானும் இத்த மாதிரி ஒண்ணு பண்ணிக்கீறேன் பாய்” என்று ஆரம்பித்துச் சுசீலா விஷயத்தைச் சொன்னார்.

சுசீலா அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருப்பவர். பதினாலு வருஷத்துக்கு முன் அவர் கணவர் இறந்தபோது, உடலை நடையில் கிடத்தியிருக்க, தலைவிரி கோலமாகச் சுசீலா அழுததைக் கண்டக்டர் படம் எடுத்திருக்கிறார். கேட்கவில்லை. பெசன்ட் நகரில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். பாராட்டினார்கள். யாரோ சொல்லி சுசீலா போய்ப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இவரைக் கண்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். இப்போது இருபத்து மூன்று கதவு எடுத்தாகிவிட்டது. மிச்சம் அது ஒன்றுதான். காலி செய்ய ஐந்து மாசம் இருந்தது. “அந்த ஒரு கதவு இல்லாங்காட்டி மிச்சதெல்லாம் நான் எடுத்தே ஆவல” என்றார்.

எனக்குத் தெரிந்தது வியாபாரம்தான். அதையே சொன்னேன். சரக்கு தப்பாகப் போயிருந்தால் வாடிக்கையாளர் தூக்கிக்கொண்டு வரும்வரை காத்திருக்கக் கூடாது. நாமே போய் எடுத்து வர வேண்டும், இல்லையென்றால் நம் கையில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். “உங்க கையில என்ன இருக்கு?” என்று கேட்டேன். யோசித்தார். “நெகட்டிவ் கீது” என்றார்.

அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தது பிலிம் கேமரா. நெகட்டிவ் போனால் படம் போனது. போட்டோ எடுக்கிறவர்கள் வீட்டுப் பத்திரத்தைவிட அதைப் பத்திரமாக வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் அந்த நெகட்டிவையும் இருந்த பிரதிகளையும் ஒரு கவரில் போட்டுச் சுசீலா வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டார். அவர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

கண்டக்டரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் காலை வெய்யில் நன்றாக விழுகிற இடம் தரைத்தள நடைதான். மணி நாட்களில் அங்கேதான் சட்டத்தோடு உட்காருவார். கேமரா மாடியில், வீட்டுக்குள் இருக்கும். ஒன்றரை மாசம் போல ஓடியது. ஒரு நாள் பின்னால் நின்று யாரோ சொன்னது கேட்டிருக்கிறது.

“இன்னா கண்டக்டரே, நீலம் ரெண்டு தினுசா கீது?”

மணிக்கடை பாய் ஏமாற்றிவிட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார். சுசீலா பட்டையைத் தூக்கித் தன் கதவுமேல் வைத்துப் பார்த்துவிட்டு, “பாய் ஏமாத்துன நீலந்தான் நம்ம கதவு நீலம். மொதல்ல போட்டதுதான் தப்பு” என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

இதை என்னிடம் சொல்ல அன்றைக்கே பஸ் ஏறி வந்தார். பார்த்தீர்களா என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “அதுக்குன்னு நீ சொன்னது நெஜம் ஆயிடாது” என்றார். விடமாட்டார்.

அதற்கப்புறம் மணி நாட்களில் சுசீலாவும் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். அரிசி புடைப்பது, கீரை ஆய்வது என்று அவருக்கும் ஏதாவது கைவேலை இருக்கும். இருவரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்களாம். பொங்கல் கழிந்து ஒரு நாள், சுசீலா கீரைத் தட்டை வைத்துவிட்டு எழுந்து கதவை ஒட்டி நின்றுகொண்டு, “எடுத்துக்கோ கண்டக்டரே. எப்புடியும் இத்த இடிக்கப் போறானுங்க” என்றிருக்கிறார்.

அன்று இரட்டைப்படைத் தேதி.

“நாளைக்கு வரேம்மா” என்று சொல்லிவிட்டு இவர் ஊசியை எடுத்துக்கொண்டார்.

மதியம் போனில் இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினாலு வருஷம் சாத்திய கதவு திறந்து நிற்கிறது. மாடிக்குப் போய்க் கேமரா எடுத்து வர இரண்டு நிமிஷம். கைக்கு வந்த வாடிக்கையாளரை நாளைக்கு வா என்று எவனாவது அனுப்புவானா, உங்கள் தேதிக் கணக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“தேதிக்காவ இல்ல பாய். போன தபா பாத்த உடனே எடுத்தேன். இந்தத் தபா அந்தம்மா ஒரு ராத்திரி யோசிக்கட்டும். வேணான்னு தோணுச்சின்னா காலைல கதவ சாத்திக்கட்டும். அதுக்கு டைம் குடுக்கணும்ல?”

மறுநாள் காலை அவரைவிட நான்தான் அதிகம் தவித்தேன் என்று நினைக்கிறேன். கடைக்கு வந்தவர்களுக்குக் கேட்ட நிறத்தை விட்டு வேறு நிறத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்குப் போனில் படம் வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத பச்சைப் புடவையில் சுசீலா. சிரிப்பில்லை. ஒரு கை கதவின்மேல். நேராகப் பார்க்கிறார். பார்க்கிறவரை எடைபோடுகிற பார்வை. எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவை ஏமாற்றி ஒரு மணிகூட விற்க முடியாது என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் கூட்டம். பாதி வீடுகள் காலியாகியும் எல்லாரும் வந்திருந்தார்கள். அலமேலு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான் இருக்கும், செல்போனைத் தூக்கி அலமேலுவை நோக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற சுசீலா உள்ளங்கையை விரித்து அந்தப் போனை மறைத்தார்.

“அந்தம்மாவக் கேட்டியா?” என்றார், தணிந்த குரலில்.

போன் பைக்குள் போயிற்று. தணிகாசலம் இருந்திருந்தால் சொல்லியிருப்பதை அவர் சார்பில் சொல்ல ஆள் இருந்தது.

கிளம்பும்போது கேமராவிலிருந்து அந்தப் பட்டையைக் கழற்றி எனக்குக் கொடுக்க வந்தார் அலமேலு. வேண்டாம் என்றேன். அது கேமராவோடுதான் இருக்க வேண்டும். என்னிடம் கண்டக்டர் தந்தது ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது நீலத்தில் மிச்சமான மணியைச் சின்னக் குப்பியில் போட்டு, ‘வெய்யிலில் பார்க்கவும்’ என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்று ஓர் அம்மா பாதி பின்னிய பட்டையோடு வந்து, இதே சிவப்பு வேண்டும் என்றார். அந்த லாட் தீர்ந்துவிட்டது. புது லாட்டை எடுத்துக்கொண்டு அவரை வாசலுக்கு அழைத்துப் போய் வெய்யிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். லேசாக மாறித்தான் இருந்தது. அவர் தயங்கினார். வாங்கிக்கொள்ளவும் மனசு, விடவும் மனசு.

“வீட்டுக்குப் போய் யோசிங்கம்மா. நாளைக்கு வாங்க” என்றேன்.

கடை வைத்த நாளிலிருந்து என் வாயில் வராத வார்த்தை அது.