குதிகாலில் ஒரு புள்ளி

கே.கே. நகரில் ஒரு பியூட்டி பார்லரில் பதினொரு வருடமாகப் பெடிக்யூர் செய்பவர் ஆனிமேரி. காலையில் அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். முடி வெட்ட, புருவம் திருத்த வேறு பெண்கள் உண்டு. கால் என்றால் ஆனிமேரிதான். வெந்நீரில் ஊறிய பாதத்தை மடியில் துண்டு விரித்து ஏந்திக்கொள்வார். வருகிறவர்களின் பெயர் அவருக்கு மறந்துபோகும், பாதம் மறக்காது.

மாதம் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் ஸ்யாமளா டீச்சர். முப்பது வருடம் நின்றுகொண்டே கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஆனிமேரியின் மகள் எஸ்தர் பிளஸ் டூ கணக்கில் திணறியபோது, தன் வீட்டுக்கே வரச்சொல்லி ஒரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் டீச்சர் கால் நீட்டினால் ஆனிமேரி கூடுதலாகப் பத்து நிமிடம் பிடித்துவிடுவார்.

போன வருடம் பிப்ரவரியில் டீச்சரின் இடது குதிகாலின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். கடுகளவுதான். ஏப்ரலில் அது மிளகை விடப் பெரிதாகியிருந்தது. ஓரங்கள் ஒழுங்காக இல்லை, தாளில் மை ஊறியதுபோல ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தது.

"டீச்சர், இது முன்னாடி இல்ல. இப்பப் பெருசாகுது. ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்களேன்."

டீச்சர் சிரித்தார். "உள்ளங்கால்ல மச்சம் வந்தா வெளிநாடு போற யோகம்னு சொல்வா. பையன் கூப்பிட்டுண்டே இருக்கான். வலியே இல்லை, விடு."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அன்று மாலை பார்லர் முதலாளி திவ்யா ஆனிமேரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆனிக்கா, வர்றவங்கள இப்படிப் பயமுறுத்தினா யாரு வருவா? நீங்க என்ன டாக்டரா?"

டாக்டர் இல்லைதான். அது என்னவென்றும் ஆனிமேரிக்குத் தெரியாது. அது மாறுகிறது என்பது மட்டுமே தெரியும். மே மாதமும் ஜூனிலும் டீச்சர் வந்தார். அந்த இடத்தில் கல் படாமல் சுற்றித் தேய்த்துவிட்டு, ஆனிமேரி எஸ்தரின் காலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாய் வரை வந்ததை விழுங்கினார்.

ஜூலையில் அது வெடித்துத் துண்டில் ரத்தம் பட்டது. அப்போதுதான் டீச்சர் பயந்தார். பக்கத்துக் கிளினிக்கில் கால் ஆணி என்று சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். மூன்று மாதம் பிளாஸ்திரி மாற்றி மாற்றி ஒட்டினார். புண் ஆறவில்லை. பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார். சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தோல் புற்றுநோய் என்று வந்தது. குதிகாலில் பெரிதாக வெட்டி எடுத்தார்கள். அதற்குள் நோய் பரவித் தொடையிடுக்கில் கட்டி வந்துவிட்டது.

ஆனிமேரி பார்க்கப் போனார். டீச்சரின் கணவர் கல்யாணராமன் கதவைத் திறந்தார். உள்ளே உறவுக்காரர்கள் இருந்தார்கள். டீச்சர் கட்டிலில் சாய்ந்தபடியே அவர்களிடம் சொன்னார்:

"இவதான் ஆனிமேரி. இவ மூணு தடவை தலைபாடா அடிச்சுண்டா. நான்தான் கேக்கலை."

எல்லோரும் ஆனிமேரியைக் கைகூப்பாத குறையாகப் பார்த்தார்கள். ஒரு தடவைதான் சொன்னேன் டீச்சர் என்று திருத்தாமல், டீச்சரின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து டீச்சர் போய்ச் சேர்ந்தார். பதிமூன்றாம் நாள் கழிந்து ஆனிமேரி மறுபடி போனார். கல்யாணராமன் தனியாக இருந்தார். அவரிடம் சொல்லிவிட்டார்.

"சார், நான் ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் ரெண்டு மாசம் பாத்துக்கிட்டே சும்மா இருந்துட்டேன். வேலை போயிருமோன்னு பயம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? நம்மாட்களுக்கு இந்த வகை உள்ளங்கால்ல, உள்ளங்கைல, நகத்துக்கு அடியிலதான் அதிகம் வருமாம். வெயில் படணும்னே இல்லையாம். புதுசா வந்தாலோ, இருக்கிறது மாறினாலோ உடனே காட்டணுமாம். முப்பத்தாறு வருஷம் அவகூட இருந்தேன். அவ உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லைம்மா. நீயாவது பார்த்தே."

அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று ஆனிமேரிக்குப் புரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது ஆனிமேரி யாருக்கும் பயப்படாமல் சொல்கிறார். திவ்யா முகம் சுளித்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு இளம்பெண்ணின் கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து அடி வரை ஓடியிருந்தது. நகப்பூச்சை அழித்தபோதுதான் தெரிந்தது.

"இது எம்புட்டு நாளா இருக்கும்மா? எங்கயும் இடிச்சுக்கிட்டியா?"

"தெரியலக்கா. கவனிக்கல."

"ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். ஆனா தோல் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிரு. இந்த வாரமே காட்டு."

"சரிக்கா, போறேன்" என்றாள் அந்தப் பெண், போனைப் பார்த்தபடி. பிறகு அந்த நகத்தின் மேல் அடர்சிவப்பு அடிக்கச் சொன்னாள். ஆனிமேரி அடித்துவிட்டார். அதன் பின் அவள் பார்லர் பக்கம் வரவில்லை. டாக்டரிடம் போனாளா என்று கேட்க, பெயரும் நினைவில் இல்லை.