எனக்கு மட்டும் கேட்ட பாட்டு

மலேசியாவில் லிங்கி பக்கம், எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்து ஆபிசில் நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கிறேன். லோரிகள் கொண்டுவரும் பழக்குலைகளின் எடையைக் கணினியில் ஏற்றுவதுதான் என் முக்கிய வேலை. வாசலில் டிராக்டர் உறுமும். உள்ளறையில் மேனேஜர் போனில் கத்துவார். பெரிய கிராணி அண்ணனைப் பார்க்க வருகிறவர்கள் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். எடைச் சீட்டில் பார்த்த எண், திரைக்குக் கண்ணைத் திருப்புவதற்குள் மறந்துவிடும்.

அதனால்தான் காதில் செருகிக்கொள்ளும் இயர்போன் வாங்கினேன். பாட்டு ஓடத் தொடங்கியதும் ஆபிஸ் தூரமாகப் போய்விட்டது. வேகமான பாட்டாக இருந்தால் விரல்களும் அதன் தாளத்துக்கே தட்டின. மலாய் மொழியில் கடிதம் எழுதும்போது மட்டும் அதை நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் பாட்டின் சொல்லும் கடிதத்தின் சொல்லும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மற்றபடி பாட்டில்லாமல் வேலை ஓடாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். அந்த நாட்களில் ஆபிசுக்கு வருகிற எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். லோரி ஓட்டுநர்கள்கூடச் சிரித்தார்கள். என்னை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒருவர் நெஞ்சுவலி வந்து வேலைக்காட்டிலேயே இறந்துபோனார். நானும் சாவுக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காரியம் முடிந்த மறுவாரம், கணவரின் வேலை பற்றி ஒரு கடிதம் வாங்க அந்த அக்கா ஆபிசுக்கு வந்தார். பெரிய கிராணி அண்ணன் ஸ்டோருக்குப் போயிருந்தார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எடைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். காதில் ஒரு கல்யாண ஆட்டப் பாட்டு.

யாரோ என் மேசையைத் தட்டினார்கள். நிமிர்ந்தால் பெரிய கிராணி அண்ணன். இயர்போனைக் கழற்றினேன்.

"பின்னால அந்தம்மா நிக்குறாங்க, தங்கச்சி," என்றார் மெதுவாக. "நீ பாடிட்டு இருக்க."

திரும்பினேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம், பொட்டில்லாத நெற்றியோடு, பையை வயிற்றோடு அணைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. வெறும் முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டே பாடியிருக்கிறேன், தோளையும் ஆட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க நான் எழுவதற்குள், கடிதத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணனே சொல்லி அனுப்பிவைத்தார்.

அவர் போனதும், இன்றுதான் இப்படி ஆகிவிட்டது என்றேன். அண்ணன் தயங்கினார்.

"தினமும் பாடுவ லா. நீயா நிறுத்துவன்னு பாத்தோம். சொன்னா உனக்கு வெக்கமா போயிரும்னு யாரும் சொல்லல."

அந்தச் சிரிப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பின்கட்டுக் கழிவறையில் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவச் சூடு இறங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேலை நாறிப்போனது. ஒரு லோரியின் எடையை இன்னொன்றுக்கு ஏற்றினேன். அதைவிட மோசம், காதில் விழுந்தவை. போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் இருக்கிற போனை எடுக்க, நான் திரும்புவதற்குள் அண்ணன் பழக்கத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தார். இத்தனை நாளும் அப்படித்தான் வந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. பாட்டு என் கவனத்தைக் காத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். காத்தது அவர் கால்கள்.

அந்த அக்கா மறுபடி வந்தபோது நான் எழுந்து நின்றேன். நாற்காலி போட்டேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு நடந்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் கூப்பிட்டிருக்கலாம், வேணும்னுதான் கூப்பிடல," என்றார். "வீட்டுல டிவிகூட போடுறதில்ல மா. எங்க போனாலும் என்னைய பாத்து மூஞ்சிய மாத்திக்கிறாங்க. இங்க கொஞ்ச நேரம் யாரும் என்னைய பாவமா பாக்கல."

பிறகு, அவருடைய வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவும்போது வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தப்புத்தப்பாகக் கூடப் பாடுவார் என்று சொன்னார். சொல்லும்போது சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் அவரைப் பாவமாகப் பார்க்காமல் இருந்தது பெருந்தன்மையால் இல்லை. அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு ஒருத்தர் நன்றி சொல்வது, திட்டுவதைவிடக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது போனை என் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்; முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பாட்டு ஒரு காதில் மட்டும், அதுவும் சொல்லில்லாத நாதஸ்வரம். வேலை முன்புபோல் வேகமாக ஓடுவதில்லை.

அந்த அக்கா தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலையில் என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் தண்ணீர்க் குழாயை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கையசைப்பார். நானும் அசைக்கிறேன். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை மட்டும், என் முகம் மாறுவது தெரியாதபடி, அந்த இடம் தாண்டும்வரை இறக்கியே வைத்திருக்கிறேன்.