பெயர் கேட்காத வார்டு

பெண்கள் வார்டில் சோசம்மாவுக்கு யாருடைய பெயரும் தேவைப்பட்டதில்லை. வயதானவர்கள் அம்மச்சி, கொஞ்சம் இளையவர்கள் சேச்சி, சின்னப் பெண்கள் மோளே, இல்லையென்றால் கொச்சே. காலையில் முதலில் அவளுடைய குரல் வரும், பிறகுதான் ஆள் வருவாள்.

"என்ன அம்மச்சி, இருமல் தூங்க விட்டுச்சா, இல்ல ரெண்டு பேருமா சேர்ந்து முழிச்சிருந்தீங்களா?"

காயலை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆலப்புழை பக்கத்துக் கிராமங்களிலிருந்து படகில்கூட நோயாளிகள் வருவார்கள். சோசம்மா ட்யூட்டியில் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டு அட்மிட் ஆகிறவர்களும் உண்டு.

அவள் வாத்து வளர்ப்பவரின் மகள். நர்சிங் படித்துவிட்டு இளம் வயதில் டில்லிக்குப் போனாள். அங்கே அவளுக்கே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது தலைமாட்டில் ஒருவன், "பதினேழு முழிச்சிடுச்சு" என்று கத்தினான். பதினேழு என்பது அவளுடைய கட்டில் எண். தாகமாக இருக்கிறது என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி இந்த வார்டின் பொறுப்பை ஏற்றதும் அவள் போட்ட முதல் சட்டம், இங்கே யாரையும் எண் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வீட்டு மனுஷர்களைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும் என்பதுதான்.

புதிதாக வந்த ஜிஷாவுக்கு அது தெரியாது. இடுக்கி மலைப் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். வந்த முதல் வாரம் மாத்திரைக் கிண்ணத்தோடு ஒரு கிழவியின் முன்னால் நின்று, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

சோசம்மா அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏன் கொச்சே, ரேஷன் கார்டு எழுதப் போறியா? தினம் நம்ம கையால கஞ்சி குடிக்கறவங்ககிட்ட போய் பேரு கேக்கறே. உங்க வீட்டுக்கு வந்த பெரியம்மாகிட்ட இப்படித்தான் கேப்பியா?"

வார்டே சிரித்தது. ஜிஷாவும் சிரிக்கப் பார்த்தாள், முகம்தான் சிவந்துபோனது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

வள்ளம்களி எனும் படகுப் போட்டி நெருங்கிய நாட்கள் அவை. சாயங்காலமானால் சுண்டன் வள்ளம் என்கிற நீளப் படகு பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாய்ந்து போகும். துடுப்புக்காரர்களின் பாட்டு வார்டு வரை கேட்கும். ஜன்னலோரக் கட்டில் குஞ்ஞுலட்சுமியம்மாவுடையது. சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறுவதற்காகப் படுத்திருந்தார். அடுத்த கட்டிலில் சாறாம்மா, மூச்சிரைப்புக்காக வந்தவர். அவருடைய மகன் அந்த வள்ளத்தில் துடுப்புப் போடுகிறான்.

"சாறாம்மே, இங்க வந்து என் கட்டில்ல உக்காரு. பெத்தவ நீ, எட்டி எட்டிப் பாத்து கழுத்து சுளுக்கிக்காதே. நான் உன் கட்டில்ல சாஞ்சுக்கறேன்" என்றார் குஞ்ஞுலட்சுமியம்மா.

கட்டில் மாறியது. பார்த்தவர்கள் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அந்த வார்டில் சோறு மாறும், போர்வை மாறும், கட்டிலும் மாறும்.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஜிஷா இன்சுலின் ஊசியோடு வந்தாள். ஜன்னலோரக் கட்டில், நரைத்த தலை, வெள்ளைச் சட்டையும் முண்டும். "அம்மச்சி, கஞ்சிக்கு முன்னால ஊசி" என்றாள். சாறாம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். மூச்சிரைப்புக்கும் தினம் ஊசி போடுகிறார்களே, அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மோளே, எல்லாருக்கும் கஞ்சி வந்தாச்சு. என் ஊசியை நீ போட்டுக்கிட்டியா?"

ஜிஷாவின் கையிலிருந்த தட்டு நழுவியது. அவள் ஒளிக்கவில்லை. நேராகச் சோசம்மாவிடம் ஓடி வந்தாள். "சேச்சி, ஆள் மாத்திப் போட்டுட்டேன். இன்சுலின்."

சோசம்மா பாய்ந்து போனாள். சாறாம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. சர்க்கரை கரைத்த தண்ணீரை அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். டாக்டர் வந்தார், குளுக்கோஸ் ஏறியது. மறுபடி மறுபடி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். "என்னடி இது, என் மகன் ஜெயிக்கறதுக்குள்ள என்னை அனுப்பப் பாத்தீங்களா?" என்று சாறாம்மா கேட்ட பிறகுதான் சோசம்மாவுக்கு மூச்சு வந்தது.

நடந்ததை அவள் சாறாம்மாவிடமும் மகனிடமும் அப்படியே சொன்னாள். மயக்கம் வந்தது, சரியாகிவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மகன் சுவரில் கையை ஓங்கி அடித்துவிட்டு வெளியே போனான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாள் மேனேஜர் சாக்கோவின் அறை. ஜிஷா கதவோரம் நின்றாள்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு இன்னிக்கே கிளம்பட்டும்" என்றார் சாக்கோ. "யாரு தப்புன்னு நல்லாத் தெரியுது."

சோசம்மாவும் அதே நினைப்பில்தான் வந்திருந்தாள். கவனமில்லாத பெண். திட்டுவதற்கு வார்த்தைகூடத் தயாராக இருந்தது. "உனக்குப் பேரு கேக்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஜிஷா தலை நிமிரவில்லை. கேட்டேனே என்று அவள் சொல்லவும் இல்லை.

வார்டு சிரித்த சிரிப்பு சோசம்மாவின் காதில் விழுந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "இதுக்கு முன்னால இப்படி ஆகப் பாத்திருக்கா?"

"போன மாசம் ஒரு மாத்திரை. வாய்க்குப் போறதுக்குள்ள பாத்துட்டோம், சேச்சி. வேற நர்சுங்களுக்கும் அப்படி ஆயிருக்கு."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

ஜிஷா தயங்கினாள். "சொன்னா... நீங்க எல்லார் முன்னாலயும் கேலி பண்ணுவீங்க."

சாக்கோ பேனாவை மூடினார். "சரி, கடிதம் தயார் பண்ணச் சொல்லட்டுமா?"

"ரெண்டு கடிதமா தயார் பண்ணச் சொல்லுங்க, சாரே" என்றாள் சோசம்மா. "பேரு கேக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான். கேட்ட பொண்ணைப் பாத்து வார்டையே சிரிக்க வெச்சு அவ வாயை அடைச்சேன். இவளை அனுப்பிட்டா நாளைக்கு வேறொருத்தி வருவா. அவளுக்கும் நான் அதையேதான் சொல்லிக் கொடுப்பேன். அப்புறம் இன்னொரு அம்மச்சி கையை நீட்டுவாங்க. அப்பவும் மயிரிழையில தப்புனதை யாரும் எங்கிட்ட சொல்லமாட்டாங்க. இவ ஓடி வந்து சொன்னதாலதான் சாறாம்மா இன்னிக்குக் கஞ்சி குடிக்கறாங்க."

டில்லியில் வந்த கோபத்தில் அவள் அன்போடு கட்டிய வீடு இந்த வார்டு. அதன் ஒரு சுவர் ஓட்டையாக இருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

சாக்கோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்களை அனுப்பிட்டு நான் இந்த ஊர்ல நடமாட முடியுமா? ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க. ஆனா இனிமே எப்படின்னு எனக்குத் தெரியணும்."

அன்று சாயங்காலம் வள்ளத்தின் பாட்டு தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. சோசம்மா ஜிஷாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அவள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"அம்மச்சி, உங்க பேரைச் சொல்லுங்க. வீட்டுப் பேரும் சேத்து."

குஞ்ஞுலட்சுமியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எடீ, சோசம்மாவுக்கு மறதி வந்துடுச்சு!"

வார்டு மறுபடி சிரித்தது. இந்த முறை சோசம்மா முகம் சிவக்க நின்றாள், ஆனால் நகரவில்லை. "ஆமா, வந்துடுச்சு. சொல்லுங்க."

"கிழக்கேவீட்டில் குஞ்ஞுலட்சுமி. போதுமா? கல்யாணத் தேதியும் வேணுமா?"

ஜிஷா ஊசியைப் போட்டாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து மூச்சிரைப்பு மருந்தை எடுத்தாள். சாறாம்மா இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"முதல்ல கேளு கொச்சே. கேக்காம இந்தக் கை வெளிய வராது."

ஜிஷா சோசம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க பேரு என்ன, அம்மச்சி?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.